புதர்க்காட்டில் பிள்ளைகள் முன் மானம் காப்பது எப்படி?

மேற்குச் சிட்னியில் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் ஆவணி நடக்கும்போது இங்கே வசந்தம் பிறக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவமும் வரும். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பக்கத்துக் காட்டுக்குப் போய் இந்த மண்ணின் செடிகொடிகளை அடையாளம் காணக் கற்கப்போகிறார்கள், துணைக்கு இரண்டு பெற்றோர் வேண்டும் என்று அதில் இருக்கும். நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் துணைவர் உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார்.

பதற வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த மரங்கள் மூன்று வகைதான்: தென்னை, வாழை, மற்றவை. அதில் வாழை மரமே இல்லை என்று உங்கள் மகள் போன வாரம்தான் அறிவித்திருக்கிறாள். ஆனாலும் சரியான முன்னேற்பாடு இருந்தால், ஒரு செடியையும் தெரிந்துகொள்ளாமல் கௌரவமாக வீடு திரும்பலாம். அதற்கான படிகள் கீழே.

படி 1: ஆயத்தம்

அகல விளிம்புத் தொப்பி, மூடிய காலணி, வெயில் களிம்பு, தண்ணீர்ப் போத்தல். இவை பிள்ளைக்கு. உங்களுக்கு மிக முக்கியமான கருவி கறுப்புக் கண்ணாடி. எங்கே பார்க்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டில் கவனம் தேவை. வேர்க்கடலை போட்ட புளியோதரை கூடாது. பள்ளிக்கூடம் கொட்டை வகைகளை அனுமதிக்காது. தயிர்ச் சோறு பாதுகாப்பானது. அதையும் யாரும் பார்க்காதபோது சாப்பிட வேண்டும் என்ற காலம் மலையேறிவிட்டது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

காட்டு வாசலில் ஒரு தூரிகையும் தெளிப்பானும் இருந்தால் காலணியின் அடியைத் தேய்த்து, மருந்து தெளித்துவிட்டு உள்ளே போகச் சொல்வார்கள். கோயிலுக்கே செருப்பைக் கழற்றினால் போதும், காட்டுக்குக் கழுவவேண்டுமா என்று கேட்காதீர்கள். பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரி மண்ணோடு ஒட்டிக்கொண்டு போய் வேர்களை அழுக வைக்கிறது. இந்த நாட்டுச் செடிகளில் பலவற்றுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. இந்த விளக்கத்தை உங்களுக்குச் சொல்லப்போவது ஆசிரியை அல்ல, ஒன்பது வயது மகள். நன்றாகத் தலையாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். அன்று முழுக்க அதுதான் வேலை.

படி 2: தொடக்க மரியாதை

நடைக்கு முன் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். இந்த நிலத்தின் மூத்த உரிமையாளர்களான தாருக் மக்களுக்கு மரியாதை சொல்லப்படும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பல பத்தாயிரம் ஆண்டுகளாக இங்கே வாழ்ந்து, எந்தப் புல்லை எப்போது கொளுத்த வேண்டும், எந்த இலையில் கூடை முடையலாம் என்று தெரிந்துவைத்திருந்தவர்கள் அவர்கள். குரஜாங் மரப் பட்டையின் நாரைத் திரித்துத் தூண்டில் கயிறாக்கி, பெண்கள் மீன் பிடித்திருக்கிறார்கள். குரஜாங், வாராட்டா என்று உலகத் தாவர நூல்களில் ஏறிவிட்ட பெயர்களும் தாருக் மொழியிலிருந்து வந்தவைதான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சபலம் வரும். "எங்கள் மொழியும் பழைய மொழிதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்கியிருக்கிறார்" என்று ஆசிரியையிடம் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். காரணம் படி 8இல் வருகிறது.

படி 3: பறிக்காதீர்கள்

செப்டம்பரில் வாட்டில் மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தொங்கும். அதில் ஒரு வகையான கோல்டன் வாட்டில்தான் 1988 முதல் ஆஸ்திரேலியாவின் தேசிய மலர். கிரிக்கெட் அணியின் பச்சையும் பொன்னிறமும் அந்த மரத்தின் நிறங்களே. ஒரு கொத்து பறித்துப் பையில் போட்டால் வெள்ளிக்கிழமைப் பூஜைக்கு ஆகும் என்று கை தானாக நீளும். நீட்டாதீர்கள். இயற்கைக் காப்பகங்களில் பூ, இலை, ஏன் கீழே கிடக்கும் கல்லைக்கூட எடுத்துப்போகக் கூடாது.

சட்டத்தைவிடக் கடுமையானது பிள்ளைகளின் பார்வை. மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் தாராளமாகக் கொத்தொடித்த கை உங்களுடையது என்பது அவர்களுக்குத் தெரியவே வேண்டாம்.

படி 4: எதைக் காட்டினாலும் 'கம் ட்ரீ' என்று சொல்லுங்கள்

இது நல்ல உத்தி. ஆஸ்திரேலியக் காடுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு யூகலிப்டஸ் காடுதான். கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினாலும் நாலில் மூன்று முறை தேறிவிடுவீர்கள்.

சிக்கல் அடுத்த கேள்வியில் இருக்கிறது. "எந்த கம் ட்ரீ, அப்பா?" யூகலிப்டஸ் இனத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நீங்கள் நிற்கும் கம்பர்லண்ட் சமவெளிக் காட்டில் முக்கியமாக மூன்றையாவது பிரித்தறிய வேண்டும். பிள்ளைகள் மேலே பார்க்காமல் முதலில் அடிமரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். கருத்து, கெட்டிப்பட்டு, உழுத வயல் மாதிரி ஆழமான சால்களோடு இருந்தால் அயன்பார்க். பட்டை உதிராது, சிவந்த பிசின் ஊறி இறுகிப்போயிருக்கும். அடிப்பகுதி சொரசொரப்பாகவும் மேல்கிளைகள் வழவழப்பாகவும் இருந்தால் கிரே பாக்ஸ். பட்டையைத் திட்டுத் திட்டாக உரித்துப்போட்டு வெள்ளையும் சாம்பலுமாக நின்றால் ரெட் கம்.

பிறகு தரையில் உட்கார்ந்து காய்களையும் மொட்டு மூடிகளையும் பொறுக்கிப் பார்ப்பார்கள். யூகலிப்டஸ் பூவுக்கு இதழ் கிடையாது. மொட்டின் மேல் ஒரு மூடி இருக்கும். அது கழன்று விழுந்ததும் மகரந்தக் கேசரங்கள் விரிந்துகொள்ளும். ரெட் கம்மின் மூடி கொம்பாக நீண்டிருக்கும். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். இலையை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. பல வகைகளில் கன்றின் இலை ஒரு வடிவம், வளர்ந்த மரத்தின் இலை வேறு வடிவம்.

இதெல்லாம் நடக்கும்போது நீங்கள் நிழலில் ஒதுங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வெயிலைத் தவிர்க்க இந்த மரங்கள் இலைகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கும். உச்சிப்பொழுதில் மரத்தடியிலும் வெயில்தான். தொப்பி பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ணி உங்களுடையதைக் காரில் விட்டிருந்தால் இப்போது வருந்துங்கள்.

படி 5: புல் என்று எதையும் சொல்லாதீர்கள்

பாதையோரம் இடுப்பளவு வளர்ந்த பட்டை இலைக் குத்துச்செடிகள் இருக்கும். "புல்" என்றால் பத்துக் குரல்கள் ஒன்றாகத் திருத்தும். இலை நுனி யாரோ கடித்துத் துப்பியது போல ஒழுங்கில்லாமல் இருந்தால் லோமாண்ட்ரா. இலை அடியில் மடிந்து நடுநரம்பு புடைத்து, கோடையில் நீலப் பழம் வைத்தால் டயனெல்லா. லோமாண்ட்ரா இலையைத்தான் கூடை முடையப் பயன்படுத்தினார்கள்.

கங்காரு புல் என்று ஒன்று இருக்கிறது. அதுமட்டும் நிஜப் புல். விதையின் வாலில் ஒரு நீண்ட கூர்முடி. ஈரம் பட்டால் முறுக்கவிழ்ந்து, காய்ந்தால் திரும்ப முறுக்கிக்கொண்டு, விதையைத் தானே மண்ணுக்குள் திருகி இறக்கிவிடும். ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும்கூட இதே புல் வளர்கிறது. இந்தத் தகவல் நன்றாக நினைவிருக்கட்டும். அன்றைய நாளில் நீங்கள் மதிப்பெண் வாங்கக்கூடிய ஓரிரு இடங்களில் இது ஒன்று.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது செர்ரி பாலார்ட். பழத்துக்கு வெளியே, நுனியில், விதை உட்கார்ந்திருக்கும். பக்கத்து மரங்களின் வேரில் வேர் பதித்துப் பாதிச் சாப்பாட்டை உறிஞ்சிக்கொள்ளும் மரம் அது. "முப்பது வயதாகியும் வீட்டிலேயே சாப்பிடும் நம்ம மாமாவைப் போலவா?" என்று மகன் கேட்டால், மாமாவின் பெயரைச் சொல்லவிடாமல் வாயைப் பொத்துவது உங்கள் பொறுப்பு.

படி 6: "இது எனக்குத் தெரியும்!" என்று கத்தாதீர்கள்

ஓடைக்கரையில் சவுக்கு நிற்கும். தெரிந்த முகம் கண்ட மகிழ்ச்சியில் "சவுக்கு! எங்கள் ஊர் மரம்! பந்தல் போட இதுதான் கால்" என்பீர்கள். இது சவுக்கின் ஒன்றுவிட்ட தம்பியான ஸ்வாம்ப் ஓக் என்று பிள்ளைகள் விளக்குவார்கள். நீங்கள் ஊசியிலை என்று நினைப்பது இலையே இல்லை, பச்சைக் குச்சி. கணுக்கணுவாக இழுத்தால் கழன்று வரும். கணுவின் விளிம்பில் இருக்கும் நுண்ணிய பற்கள்தான் இலைகள். அந்தப் பற்களை எண்ணி எந்த வகை என்று கண்டுபிடிப்பார்கள். வாட்டிலும் அப்படித்தான் ஏமாற்றும். பல வாட்டில் வகைகளில் இலை என்று நாம் காண்பது தட்டையான இலைக்காம்பு. கன்றில் இறகு போன்ற இலைகள் வரும்; பிறகு காம்பே அகன்று இலை வேலையை எடுத்துக்கொள்ளும்.

"எங்கள் ஊர் மரம்" என்ற சொல்லில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறதே தைல மரம், தமிழகச் சமவெளியில் நட்ட அந்த மரங்களில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் நீங்கள் சற்றுமுன் தடவிப் பார்த்த அதே ரெட் கம் இனம்தான். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று ஊரில் நீங்கள் திட்டிய மரத்தை, இங்கே உங்கள் மகள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறாள். இரண்டும் நியாயமே. எந்த மண்ணில், எத்தனை, யாரை நகர்த்திவிட்டு நிற்கிறது என்பதுதான் கேள்வி.

படி 7: 'வந்தேறி' விவாதத்தில் இறங்காதீர்கள்

மதியத்துக்குமேல் களைகளைப் பற்றிய பாடம். இங்கே உங்கள் கறுப்புக் கண்ணாடி மிகவும் உதவும்.

முதலில் உண்ணிச்செடியைக் காட்டுவார்கள். வண்ணப் பூச்செடி என்று வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, முதுமலையையும் சிட்னியையும் ஒரே மாதிரி விழுங்கிய செடி. இதில் நீங்களும் ஆசிரியையும் ஒரே கட்சி. சேர்ந்து திட்டலாம்.

அடுத்தது கொஞ்சம் சங்கடம். குவீன்ஸ்லாந்தின் புல்வெளிகளில் லட்சக்கணக்கான ஹெக்டேரில் பரவி மேய்ச்சல் நிலத்தை முள்காடாக்கிய மரத்தின் படத்தைக் காட்டுவார்கள். ஆடுகளுக்கு நிழலும் தீவனமும் ஆகும் என்று நட்டார்கள். இன்று தேசிய அளவில் அறிவிக்கப்பட்ட களை. உற்றுப் பாருங்கள். நம் நாட்டுக் கருவேலம். பல் துலக்கக் குச்சி ஒடித்த அதே மரம். சீமைக்கருவேலம் என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். அதுவும் களைப் பட்டியலில் தனியாக இருக்கிறது.

உடனே பதிலடி கொடுக்கத் தோன்றும். கொடுங்கள், சரக்கு இருக்கிறது. 1843வாக்கில் நீலகிரிக்கு ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் வந்தது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் சீகை மரம் என்று நாம் சொல்லும் பிளாக் வாட்டிலும் வந்தது. சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை அவை மூடிக்கொண்ட கதையும், அவற்றை அகற்றும் வழக்கு நீதிமன்றம் வரை போன கதையும் ஊட்டிக்காரர்களுக்குத் தெரியும். கணக்கு நேர் என்று அறிவித்துவிடலாம்.

அப்போது ஒரு பிள்ளை கேட்கும். கேட்காமல் இருக்காது. "அப்படியென்றால் நாமும் களையா?"

இதற்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள், ஆசிரியையிடம் விட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்ததெல்லாம் களையல்ல என்று அவர் சொல்வார். தக்காளி வந்தது, தோட்டத்து ரோஜா வந்தது. அவை வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போகவில்லை. வந்த இடத்தில் மற்றவற்றுக்கு இடமே விடாமல் படர்வதுதான் களை. நிம்மதியாக மூச்சு விடுவீர்கள். தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலை தப்பித்தது.

ஆனால் பாடம் அதோடு நிற்காது. களிமண் நிலத்தில் வளர்ந்த இந்தக் கம்பர்லண்ட் காடு ஒருகாலத்தில் மேற்குச் சிட்னி முழுக்க இருந்தது. முதலில் பண்ணைகளுக்காகவும், பிறகு வீடுகளுக்காகவும் வெட்டப்பட்டு, இப்போது பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை, அதுவும் ப்ராஸ்பெக்ட் நீர்த்தேக்கத்தைச் சுற்றி இருப்பது போன்ற துண்டு துண்டுகளாக, அழிவின் விளிம்பில் இருப்பதாக 2009இல் அறிவிக்கப்பட்டுவிட்டது என்பார் ஆசிரியை. உங்கள் மகள் உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். வேலியிலிருந்து வேலி வரை மனையை நிறைத்து, கொல்லையில் எஞ்சிய எட்டடியிலும் சிமெண்டு பூசி, நீங்கள் கட்டிய இரண்டு மாடி வீடு அவள் கண்ணில் தெரியும். மற்றவற்றுக்கு இடம் விடாமல் படர்வது என்ற இலக்கணத்தை அவள் அதற்குப் பொருத்திப் பார்ப்பதற்குள், "தண்ணீர் குடித்தாயா?" என்று கேட்டுவிடுங்கள்.

படி 8: அந்தக் கேள்வி

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை ஆபத்துகள். பெரிய ஆபத்து வீடு திரும்பும் வழியில், காரின் பின்னிருக்கையிலிருந்து வரும்.

"அம்மா, உங்க ஊர்க் காட்டில் என்னென்ன செடி? பத்து சொல்லுங்க."

மல்லிகை என்பீர்கள். தோட்டத்துப் பூ செல்லாது. மா, பலா? காடு என்று கேட்டேன். செம்மயில்கொன்றை? பள்ளி மைதானத்தில் சிவப்பாகப் பூத்து உங்கள் இளமைக் காலத்தை நிறைத்த மரம், மடகாஸ்கர்காரர். தூங்குமூஞ்சி மரம்? தென்னமெரிக்கா. தொட்டாச்சிணுங்கி? அதுவும் அந்தப் பக்கம்தான். பனை என்று சொல்லி ஒன்றைத் தேற்றுவீர்கள். ஆவாரை, எருக்கு, தும்பை என்று மூச்சுப் பிடித்து நாலுக்கு வருவீர்கள். அப்போதுதான் ஞாபகமாக அவள் கேட்பாள்: "கபிலர் 99 சொன்னாரே, அதில் உங்களுக்கு எத்தனை தெரியும்?" படி 2இல் வாய் திறந்தவர்கள் இங்கே வகையாக மாட்டிக்கொள்வார்கள்.

நம்மை யாரும் காட்டுக்குக் கூட்டிப்போகவில்லை என்று சொல்லிப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் நாம் செம்பருத்தியை நெடுக்காக அறுத்துச் சூலகம், மகரந்தத்தாள் என்று பாகம் குறித்ததோடு தாவரவியல் முடிந்துபோனது. பள்ளிச் சுவருக்கு வெளியே பூத்துக் கிடந்தது என்ன என்று கேள்வித்தாளில் வரவில்லை, நாமும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு முப்பது செடி தெரிவது ஏதோ பாடத்திட்டத்தின் மகிமையும் அல்ல. ஒரே காட்டுத் துண்டுக்கு, வெவ்வேறு பருவத்தில், கையால் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால் இந்த வாதத்தை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வைத்தால், "இப்ப கேட்கலாமே" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடும்.

ஆகவே, கேட்பதற்கு ஓர் ஆளைத் தயாராக வைத்திருப்பதுதான் இந்த வழிகாட்டியின் கடைசி உத்தி. ஊரில் உள்ள அம்மாவுக்கோ மாமியாருக்கோ வீடியோ அழைப்புப் போடுங்கள். மகள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். வாட்டில், லோமாண்ட்ரா எல்லாவற்றுக்கும் பாட்டி உதட்டைப் பிதுக்குவார். ஹாப் புஷ் என்று காகிதச் சிறகு வைத்த காயோடு ஒரு படம் வரும்போது நிமிர்ந்து உட்காருவார்: "இது விராலியில்ல? மலையடிவாரத்துல அத்தனையும் இதுதான் கெடக்கும். வீக்கத்துக்கு எலையை வதக்கிக் கட்டுவோம்." அது உண்மைதான். ஒரே செடி, அங்கும் ஊர்க்காரன், இங்கும் ஊர்க்காரன். ஓடைக்கரை ஈரத்தில் எடுத்த வட்ட இலைப் படத்தைப் பார்த்ததும், யாழ்ப்பாணத்து அம்மம்மாவாக இருந்தால், "வல்லாரை! பறிச்சுக்கொண்டு வந்தியோ, சம்பல் போடலாம்" என்பார். பறிக்கக் கூடாது என்று பேத்தி சட்டம் சொல்வாள். பிறகு இருவரும் உங்களை மறந்துவிடுவார்கள்.

எச்சரிக்கைகள் இரண்டு. ஒன்று, இந்த அழைப்பு சீக்கிரம் முடியாது. காரை, களா, சூரை, நொச்சி என்று பாட்டியின் பட்டியல் பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் இரவுச் சாப்பாட்டை நீங்களே செய்யவேண்டியிருக்கும். இரண்டு, அழைப்பு முடிந்ததும் அடுத்த விடுமுறைக்கு விமானச்சீட்டு எங்கே எடுப்பது என்று முடிவாகியிருக்கும். மால், தீம் பார்க் எதுவும் பட்டியலில் இராது. பாட்டி வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கரட்டுக்குப் போக வேண்டும், துணைக்கு ஒரு பெரியவர் தேவை. உங்கள் பெயருக்கு நேரே கையெழுத்தும் ஏற்கெனவே போட்டாயிற்று.